அப்பா கைலியை வெட்டினேன்

போன வாரம் அப்பாவோட நீலக் கட்டம் போட்ட கைலியை எடுத்து வெட்டினேன். அவர் போய் ஏழு மாசம். "பைத்தியமாடி உனக்கு?"ன்னு கேட்ட அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

அதுக்கு முன்னாடி ஒரு பயிலரங்கத்துக்குப் போயிருந்தேன். தையல் மூலமா துக்கத்தை ஆத்துறாங்களாம். வட்ட ஃப்ரேம், கலர் நூல், பின்னாடி மெதுவா புல்லாங்குழல். உங்க சோகத்தை ஒரு பூவா தைங்கன்னாங்க. சங்கிலித் தையல்ல ஒரு பூ போட்டேன். அழகா வந்துச்சு, அழுகைதான் வரல. இருபது வருஷமா வீட்டுல மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவ நான். கை தானா ஓடும், மனசு அது பாட்டுக்கு மளிகைக் கணக்குப் போடும். மனசு லேசாகணும்னா சாயங்காலம் காசிமேட்டுப் பக்கம் போய்க் காத்து வாங்கலாம், காசாவது மிச்சம்.

எனக்கு அழுகை வந்தது அப்பா கைலியோட தையலைப் பிரிக்கும்போது. அப்பா எந்தக் கைலியையும் கடையில மூட்டக் குடுத்ததில்ல. பத்தாவது லீவுல நான் மெஷின் கத்துக்கிட்டதுல இருந்து எல்லாம் என் கைதான். இது கடைசி. ஆஸ்பத்திரியில இருந்து அவரைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு அவசரமா மூட்டினது. பாதியில பாபின் நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூல் போட்டேன். "யாரு பார்க்கப் போறா"ன்னு கட்டிக்கிட்டார். பிளேடால ஒவ்வொரு தையலா அறுத்துக்கிட்டே வந்தேன். பச்சை நூல் ஆரம்பிக்கிற இடத்துல கை நின்னுடுச்சு.

எங்க ஊர் வடசென்னையில காலடிப்பேட்டை. 1717-ல இருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவச்ச இடம். காலெட் பேட்டைதான் வாயில புரண்டு இப்படி ஆச்சு. மெட்ராஸ்ங்கிற பேரோடயே கட்டம் போட்ட துணி இந்தக் கரையில இருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு. நைஜீரியாவுல கலபாரி மக்கள் அதை இன்ஜிரின்னு சொல்றாங்க. அங்க பெண்கள் அந்தத் துணியில ஊசியால இழையை நெம்பி, பிளேடால அறுத்து உருவிடுவாங்க. மிச்சம் நிக்கிற இழைதான் டிசைன். பேரு பெலெட்டே பிட்டே. வீட்டுப் பெரியவங்க செத்தா சாவுக் கட்டிலை அலங்கரிக்கிற துணிகள்ல அதுவும் உண்டு. நல்ல துணியைக் கெடுக்கிறாங்கன்னு எந்த டெய்லரும் சொல்வார், நானும் முன்னாடி சொல்லியிருப்பேன்.

அதே மாதிரி நானும் அப்பா கைலியில ஒரு கட்டத்துக்குள்ள இழையை உருவிப் பார்த்தேன். சரியா வரல, பிசிறு தட்டிடுச்சு. பூவை எங்க வச்சேன்னு ஞாபகம் இல்ல, இந்தப் பிசிறுத் துணி மெஷின் மேலயே கிடக்கு.

அம்மா நேத்துதான் வாயைத் திறந்தாங்க. மீதிப் பாதியில கைவைக்காதே, தலகாணி உறைக்கு வேணும்னாங்க. அளவு எடுத்தாச்சு.