நிலாவுல குடிசையாம், அட போங்கப்பா

நம்ம மும்பை செம்பூர் தமிழ் ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல நேத்துலேர்ந்து ஒரு போட்டோ சுத்துது, நிலாவோட பின்பக்கத்துல சதுரமா ஒரு வீடு, சீனாக்காரன் கண்டுபிடிச்சிட்டு மறைச்சிட்டான்னு. மாமா, அது மறைக்கவே இல்ல, முடிவையும் அவங்களே சொல்லிட்டாங்க!

போட்டோ நெஜம்தான். 2021 டிசம்பர்ல வெளியானது, நிலாவோட பின்பக்கத்துல வான் கார்மன் பள்ளத்துல ஓடிக்கிட்டிருந்த சீனாவோட யூட்டு-2 வண்டி எடுத்தது. சுமார் 80 மீட்டர் தள்ளி, ஒரு குழி விளிம்புல ஏதோ நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோ தூரத்துல அது படத்துல கொஞ்சம் புள்ளிதான், அதைப் பெருசாக்கினா எதுவும் சதுரமாத்தான் தெரியும், நம்ம பழைய போன்ல லோக்கல் ட்ரெயின் போர்டை ஜூம் பண்ணிப் பாருங்க. 'மர்மக் குடிசை'ன்னு விளையாட்டா பேர் வச்சதுதான் வினை. 80 மீட்டர்தானே, உடனே போலாமேன்னா, அங்க ராத்திரியே ரெண்டு வாரம், வண்டி தூங்கிரும். 2022 ஜனவரில கிட்ட போனா சின்னக் கல்லு, முயல் மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க (யூட்டுன்னாலே பச்சைக்கல் முயல்தான்).

கூடவே, நிலாவுல 'கோபுரங்கள்' இருக்குன்னு வந்த படம் 1966ல நாசாவோட லூனார் ஆர்பிட்டர் 2 விண்கலம் எடுத்தது. அப்போ சூரியன் ரொம்ப தாழ்வா, சுமார் 11 டிகிரில இருந்துச்சு, அதனால நிழல் உயரத்தைவிட அஞ்சு மடங்கு நீளும், சமதரையிலயே. சாயந்திரம் ஜூஹு பீச்ல நின்னா நானும் கோபுரம்தான்.