விற்றது ஆர் என்று கேட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சந்தை வகுப்பில் நடந்ததை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

"மணி புளோ ஏறுது பாருங்க, பெரிய காசு உள்ளுக்கு வருது" என்று, வகுப்பெடுத்த சேர் திரையில் ஒரு குறிகாட்டியைக் காட்டினார். பின்வரிசையில் இருந்த மண்டூர்ப் பொடியன் எழும்பி, "சேர், காசு உள்ளுக்கு வருதெண்டா, அந்தப் பங்கை வித்தது ஆரு?" என்று கேட்டான். "தம்பி, முதல்ல அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க" என்றார். மண்டபமே சிரித்தது. இரவு வட்சப் குரூப்பிலிருந்தும் அவனைத் தூக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு அங்கே கேட்ட ஒரேயொரு உருப்படியான கேள்வி அதுதான்.

மணி புளோ (Money Flow Index) என்ற அந்தக் குறிகாட்டி எப்படி வருகிறது? நாளின் கூடிய விலை, குறைந்த விலை, முடிவு விலை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். 10.40, 10.00, 10.20 என்றால் 10.20. கைமாறிய பங்கு 5 இலட்சம் என்றால் 51 இலட்சம் ரூபா. நேற்று இந்தச் சராசரி 10.10 ஆக இருந்திருந்தால், வெறும் பத்துச் சதம் கூடியதற்காக இன்றைய 51 இலட்சமும் "உள்ளே வந்த" பக்கத்தில் சேரும். குறைந்திருந்தால் "வெளியே போன" பக்கத்தில் சேரும். இப்படி 14 நாளின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, 0 முதல் 100 வரையான ஓர் எண்ணாக்குவார்கள். வாங்கிய ஒவ்வொரு ரூபாவுக்கும் விற்ற ஒருவர் இருக்கிறார். அதனால் அது காசு உள்ளே வருவதைக் காட்டுவதில்லை. நடந்து முடிந்த விலையையும் கைமாறிய தொகையையும்தான் காட்டுகிறது.

அறுவடைக்கு வயல் வட்டைக்குள் லொறி வரிசையாக நிற்கும். லொறி கூடுவதால் நெல் விலை கூடுகிறதா? எங்களுக்குத் தெரியாததா இது! கொழும்புச் சந்தையில் பல பங்குகள் நாளுக்குச் சில ஆயிரம்தான் கைமாறும். இரண்டு பெரிய கைகள் பேசி முடிக்கும் ஒரு குரொசிங் அன்றைய கணக்கில் ஏறினால், குறிகாட்டி எங்கேயோ போய் நிற்கும்.

நான் பட்டுத்தான் பேசுகிறேன். 2022 இல், குறிகாட்டி இருபதுக்குக் கீழே போனால் விலை திரும்பும் என்று நம்பி வாங்கினேன். அம்மாவின் நெல்லுக் காசு. உரம் இல்லாத பெரும்போகம், வழமையான விளைச்சலில் பாதிகூட இல்லை. குறிகாட்டி இருபதுக்குக் கீழேயே கிடந்தது, விலை இறங்கிக்கொண்டே போனது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு முடிந்து 18 ஆம் திகதி திறக்க வேண்டிய சந்தையை ஒரு கிழமைக்கு மூடினார்கள். அம்மா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே, "மனே, அந்தக் காசு எப்ப வரும்?" என்று ஒரேயொரு தடவை கேட்டா. மறுகா கேட்கவேயில்லை.

"அப்போ மணி புளோ குப்பையா?" என்பீர்கள். இல்லை, நானும் தினமும் பார்க்கிறேன். விலை புது உச்சத்துக்குப் போகும்போது குறிகாட்டி பழைய உச்சத்தைத் தொடாமல் சரிந்தால் கவனமாகிவிடுவேன். நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் உதவும். அதை மட்டும் நம்பி வாங்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். பொறாமை என்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். "இலவசமாகச் சொல்லித் தருபவரைக் குறை சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டார். இலவசமா? அந்தப் பொடியன் 1,500 ரூபா கட்டித்தான் வந்தான். விடிய, வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவன்.

கேள்விக்காகவா சிரித்தார்கள்? "ஆரு" என்று அவன் சொன்ன விதத்துக்குத்தான் சிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாவிக்கு மேற்கே அவன் ஊர்ப் பக்கமான படுவான்கரையில் விளையும் நெல் வேண்டும், அந்த நெல் விற்ற காசும் சந்தைக்கு வேண்டும், அவன் வாய் திறந்தால் மட்டும் சிரிப்பு வருகிறதா? நானும் அந்த இடத்தில் எழும்பி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இரண்டு நாளாக நித்திரையில்லை.

சேர், இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். விற்றது ஆர் என்பதற்குப் பதிலைக் குரூப்பில் எழுதுங்கள். எழுதுவதற்கு முதல் அவனைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், அவனும் வாசிக்கட்டும்.