ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்

சபையில் இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தை என் அம்மா நாலைந்து வருடம் எடுக்கவில்லை. ஆராதனைக்குத் தவறாமல் வருவார், எல்லாப் பாட்டும் பாடுவார். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்ததும் தலையைக் குனிந்துகொள்வார். எங்கள் பெஞ்சின் முறை வரும்போது, மற்றவர்கள் கடந்து போக முழங்காலை ஒதுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒரே பதில்தான்: "மனசு சுத்தமா இல்லப்பா. அபாத்திரமாய் எடுக்கக் கூடாது."

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல் என்ற அந்த ஒரு வார்த்தை எத்தனை பேரை அப்பத்துக்கு எட்டாமல் நிறுத்தியிருக்கிறது! என் வருத்தம் இதுதான்: நாம் அந்த வார்த்தை வரும் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் பயமுறுத்துகிறோம். அது இருப்பது அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில். 1 கொரிந்தியர் 11-ஐ 17ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். பவுல் கோபப்படுவது சோற்று விஷயத்தில். அன்றைய திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியோடு கிடக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் காலியாகியிருக்கும் என்று வேத ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். 'பந்திக்கு முந்து' என்று நாம் சொல்வதை அவர்கள் ஆண்டவரின் பந்தியிலேயே செய்துவிட்டார்கள். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்பதுதான் பவுலின் கேள்வி. அபாத்திரம் என்று அவர் சொன்னது இந்த இடத்தில். அவர் கொடுக்கும் தீர்வும் எளிமையானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 55இல், நான்கு சுவிசேஷங்களுக்கும் முன்பே எழுதப்பட்டது. இயேசு சீஷரோடு சாப்பிட்ட கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்து, பசித்தவனை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களைக் கண்டிப்பதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

ஏறக்குறைய கி.பி. 155இல் ஆதித் திருச்சபை எழுத்தாளரான ஜஸ்டின் எழுதியதிலும் அதே அக்கறை இருக்கிறது. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே கூட்டத்தில் சேர்ந்த காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் போனது.

அப்புறம் காலப்போக்கில் சாப்பாடு தனி, திருவிருந்து தனி என்று ஆனது. ஒரு சிறு துண்டு அப்பம், ஒரு மிடறு ரசம். அதில் எனக்குக் குறையில்லை. அந்தத் துண்டு நாக்கில் கரையும்போது கண் கலங்காமல் நான் எழுந்து வந்தது குறைவு. ஆனால் பந்தியைச் சுற்றி நாம் போட்ட சண்டைகள் மனதை அறுக்கின்றன. 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், பொதுமக்களுக்கு அப்பம் மட்டும்தான், ரசக் கிண்ணம் கிடையாது என்று உறுதி செய்தது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போகாத ஒன்று இந்த அப்பமும் ரசமும்தான். நற்கருணை, திருவிருந்து, அப்பம் பிட்குதல் என்று பெயர் எதுவானாலும், இன்றும் ஒருவர் மேஜையில் மற்றவருக்கு இடமில்லாத நிலை நீடிக்கிறது.

1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர், ஆதிச் சபையார் சேர்ந்து சாப்பிட்ட பழைய அன்பின் விருந்தை மீட்டெடுத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறு சமூகம், ஒரு திருவிருந்து ஆராதனையில் மனம் உடைந்து ஒன்றானதன் தொடர்ச்சி அது. திருவிருந்தின் வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன். தன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் 'என் பாவம்' மட்டுமே இருந்து, பக்கத்தில் இருப்பவரின் பசி இல்லையென்றால், கேள்வித்தாளில் பாதியைத்தான் எழுதியிருக்கிறோம்.

ஒருநாள் ராத்திரி அந்த அதிகாரத்தை அம்மாவுக்கு முழுசாக வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ பசியா வந்தவங்க கடைசியில சாப்பிட்டாங்களா?"

அடுத்த திருவிருந்து ஞாயிறில் எங்கள் பெஞ்சின் முறை வந்தது. அம்மா எழுந்தார். பக்கத்துப் பாட்டி ஊன்றுகோலைத் தேடி எடுத்து எழுந்து நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.