சோமூருக்குப் போங்கள், குடிக்காவிட்டாலும்

பிரான்சுக்கு வரும் நம்மவர்களின் பயணத் திட்டம் எனக்கு மனப்பாடம். ஈஃபில் கோபுரம், லூவ்ர், டிஸ்னி, நாள் மிச்சம் இருந்தால் லூர்து மாதா. கொஞ்சம் விவரமானவர்கள் லுவார் நதிக்கரை அரண்மனைகளுக்கு ஒருநாள் பேருந்துப் பயணம் போடுவார்கள். காலையில் ஷாம்போர், மதியம் ஷெனோன்சோ, இருட்டுவதற்குள் பாரிஸ். வாசலுக்கு வாசல் ஒரு படம். அந்தப் பேருந்துகளில் பெரும்பாலானவை எட்டிப் பார்க்காத ஓர் ஊர் இன்னும் மேற்கே இருக்கிறது. பெயர் சோமூர்.

யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "அது வைன் ஊராச்சே, நாங்க குடிக்க மாட்டோமே!" குடிப்பவர்கள் கேட்பது இன்னும் மோசம்: "அங்க எந்த வைன் பெஸ்ட்?" இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வைன் இருக்கட்டும், முதலில் அந்த ஊரின் கல்லைப் பாருங்கள்.

லுவார்தான் பிரான்சின் மிக நீளமான நதி, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சோமூரில் ரயில் நிலையம் வடகரையில், பழைய ஊர் தென்கரையில், நடுவில் ஒரு தீவு. ரயிலை விட்டு இறங்கியதும் டாக்சி தேடாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். இரண்டு பாலங்கள் வரும். இரண்டாவது பாலம் 18-ஆம் நூற்றாண்டில் செசார் என்ற பொறியாளர் கட்டியது. அதில் கால் வைத்ததும் எதிரே ஊர் முழுவதும் விரிகிறது: வெளுத்த சுவர்கள், கருத்த கூரைகள், மேட்டின் உச்சியில் கோட்டை. கீழே ஆறு மணல் திட்டுகளோடு சோம்பலாகப் போகும். வெயில் காலத்தில் பார்த்தால் இதில் ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் ஓடின என்றே நம்ப முடியாது.

ஓடின. தட்டையான அடிப்பாகம், பெரிய சதுரப் பாய். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று பாயைத் தள்ள, படகு நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். திரும்பும்போது ஆறே இழுத்துக்கொண்டு போய்விடும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் இந்தப் பகுதியின் வெள்ளை வைனை இப்படித்தான் கடலுக்கு இறக்கினார்கள். நல்ல சரக்கு கடலுக்குப் போகும், மட்டமானது பாரிஸுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது, படகுத் தொழில் படுத்துவிட்டது.

இனி கல். ட்யூஃபோ என்பது அதன் பெயர். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலின் அடிமண் இறுகி உண்டான சுண்ணாம்புக் கல். ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மெது. அதன் கன அளவில் கிட்டத்தட்ட பாதி வெறும் நுண்துளைகள். செதுக்குபவனுக்குச் சொர்க்கம், பராமரிப்பவனுக்குத் தலைவலி, ஏனென்றால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 2001-இல் இந்தக் கோட்டையின் மதிலில் ஒரு பகுதி சரிந்தே விழுந்தது. பிறகு பல ஆண்டுகள் சீரமைப்பு நடந்தது.

கோட்டைக்கு, தேவாலயத்துக்கு, வீட்டுக்கு, படகில் ஏற்றி நாந்த் நகரம் வரைக்கும் என்று நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி எடுத்தார்கள். மேலே எத்தனை சுவர் எழும்பியதோ கீழே அத்தனை பள்ளம். அந்தச் சுரங்கங்கள் இந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். வெளியே மூடப்பட்ட வெறும் குழிகள் இல்லை. அதற்குள்தான் ஊரின் மறுபாதி நடக்கிறது. இதைப் பார்க்காமல் கோட்டையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது, கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் வந்தது மாதிரி.

உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 12 டிகிரி. ஆகஸ்ட் வெயிலிலும் கம்பளி வேண்டும். ஜான்-பாப்தீஸ்த் அக்கெர்மான் 1811-இல், சோமூரை ஒட்டிய சேந்த்-இலேர்-சேன்-ஃப்ளோரானில் தொடங்கிய வைன் தொழில் இந்தக் குளிரை நம்பித்தான். ஷாம்பெய்ன் என்ற நுரைக்கும் வைனைச் செய்யும் அதே முறை: வைனைப் புட்டியில் அடைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க விடுவது. உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் வைனிலேயே கரைந்துவிடும். பிறகு புட்டியைத் தலைகீழாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, செத்த ஈஸ்டு வண்டலைக் கழுத்துக்கு இறக்கி வெளியேற்ற வேண்டும். வேலையெல்லாம் ஒன்றே. ஆனால் ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கு வெளியே செய்தால் அந்தப் பெயரை ஒட்ட முடியாது, சட்டம் விடாது. அதனால் இதற்கு 'கிரெமான்' அல்லது 'சோமூர் ப்ரூட்' என்று பெயர், விலையும் பெரும்பாலும் ஷாம்பெய்னில் பாதிக்கும் கீழே. ரசனை உள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் லேபிளுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இங்கே ஓர் இந்தியக் கதையும் உண்டு. பூவே-லதுபே என்ற பழைய நிறுவனத்தை 2006-இல் விஜய் மல்லையாவின் குழுமம் வாங்கியது. 2015-இல், அதை முன்பு நடத்திவந்த குடும்பமே திரும்ப வாங்கிக்கொண்டது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

குடிக்காதவர்கள் இந்தக் குகைகளுக்குள் போவதில் எந்தச் சங்கடமும் இல்லை. சுற்றிக் காட்டும்போது யாரும் கோப்பையைக் கையில் திணிப்பதில்லை. தொழிலில் இருப்பவர்களே வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்புகிறார்கள், அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சலிப்பு தருவது குடி இல்லை, அதைப் பற்றிய பேச்சு. "ஈரக்கல் வாசனை, பின்னால் ஒரு பேரிக்காய்" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்ததும் நான் சுவரைத் தடவிப் பார்க்கப் போய்விடுவேன். அதில் ரம்பத்தின் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

அதே குகைகளில் காளான். நாம் கடையில் வாங்கும் வெள்ளைப் பொத்தான் காளானுக்குப் பிரெஞ்சில் பாரிஸ் காளான் என்று பெயர். பாரிஸின் பழைய கல் சுரங்கங்களில் வளர்ந்தது, நகரம் பெருத்தபோது இங்கே இடம்பெயர்ந்தது. காளானுக்கு எரு குதிரைச் சாணம். சோமூரில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து இது குதிரைப்படை ஊர். கறுப்புச் சீருடையில் சவாரி செய்யும் 'காத்ர் நுவார்' பயிற்சியாளர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பிரெஞ்சு மரபுக் குதிரையேற்றத்தை 2011-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்கு வெட்டிய குழியில், படைக் குதிரையின் சாணத்தில் முளைத்த காளானைத்தான் பாரிஸ் பெயரில் விற்றார்கள்! இன்று மலிவான இறக்குமதியால் பல காளான் குகைகள் மூடிவிட்டன. மிச்சமிருப்பவற்றில் ஒன்றில் அருங்காட்சியகம் நடக்கிறது. குழந்தைகளோடு போனால் கோட்டையைவிட இது நன்றாக இருக்கும்.

கோட்டையைக் குறைத்துச் சொல்லவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் பெரி வட்டாரத்துப் பிரபுவுக்காகத் தொடங்கப்பட்ட வழிபாட்டு நூல் ஒன்றில், மாதத்துக்கு ஒன்றாக ஓவியங்கள் உண்டு. செப்டம்பர் மாதத்தில் இருப்பது சோமூர் கோட்டை. மேலே பொன்முடி வைத்த வெள்ளைக் கோபுரங்கள், கீழே திராட்சை பறிப்பு. பறிப்பவர்களில் ஒருவன் குனிந்ததில் உள்ளாடை தெரிகிறது, ஓவியர் அதையும் விடவில்லை. மூலம் பாரிஸுக்குப் பக்கத்தில் ஷாந்தியியில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு கோட்டைக்குக் கீழே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். முடிகளில் பல இன்று இல்லை, உடம்பு அப்படியே இருக்கிறது.

வரும்போது கடந்த முதல் பாலத்துக்குத் திரும்புகிறேன். அதன் பெயர் சோமூர் கெடேட்டுகள் பாலம். 1940 ஜூன் 17 அன்று, சண்டையை நிறுத்த வேண்டும் என்று பிரான்சின் புதிய பிரதமர் பெத்தேன் வானொலியில் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகும் இங்கிருந்த குதிரைப்படைப் பள்ளி மாணவர்கள், கர்னல் மிஷோன் தலைமையில், பாலங்களைத் தகர்த்துவிட்டு லுவாரின் கரையை ஜெர்மானியப் படையிடமிருந்து காக்க நின்றார்கள். பயிற்சிக்கு வைத்திருந்த ஆயுதங்கள்தான் கையில். இரண்டு நாள்போலத் தாக்குப்பிடித்தார்கள். போர் ஏற்கெனவே தோற்றாகிவிட்டது என்று அவர்களுக்கும் தெரியும். இதை வீரம் என்பதா, வீண் என்பதா? பிரெஞ்சுக்காரர்கள் வீரம் என்று பாலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். செத்தவர்களில் பலர் கல்லூரி வயதுப் பையன்கள் என்பதால் எனக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் கோபமும் வருகிறது.

ஒருநாள் கூடுதலாக இருந்தால் ஃபோந்தெவ்ரோ மடத்துக்குப் போங்கள். 1101-இல் தொடங்கிய மடம். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்தார்கள், எல்லோருக்கும் தலைவி ஒரு பெண். நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நடந்தது. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி, அவன் மனைவி எலினோர், மகன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைமேல் படுத்த நிலையில் செதுக்கிய சிலைகள் இங்கேதான். எலினோர் கையில் திறந்த புத்தகம். பிரெஞ்சுப் புரட்சி மடத்தைக் காலி செய்தது, நெப்போலியன் சிறைச்சாலை ஆக்கினான், 1963 வரை சிறையாகவே இருந்தது.

சாப்பாடு: சைவக்காரர்களுக்குப் பிரான்சில் வழக்கமாகத் திண்டாட்டம்தான், இங்கே பரவாயில்லை. குகை உணவகங்களில் விறகடுப்பில் சுட்ட 'ஃபுவே' என்ற உப்பிய சின்ன ரொட்டி சுடச்சுட வரும். அதைப் பிளந்து வெள்ளை மொச்சை வைத்துச் சாப்பிடலாம். மொச்சை பன்றிக்கொழுப்பில் வெந்ததா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பெரிய காளானைக் கவிழ்த்துப் பூண்டு வெண்ணெய் அடைத்தும் சுட்டுத் தருவார்கள்.

சனிக்கிழமை காலை சேன்-பியேர் தேவாலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும், அதற்கேற்ப வெள்ளி மாலை வந்து சேருங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊர் கதவடைத்துவிடும். ஃபோந்தெவ்ரோவுக்குப் பேருந்து குறைவு, நான்கு பேர் இருந்தால் கார் எடுப்பது மேல். ஓட்டுபவருக்கு வைன் கிடையாது. கிரெமான் வேண்டுமென்றால் விடுதிக்கு வந்து சேர்ந்த பிறகு திறங்கள்.