ஹார்டு செல்ட்சர் வெறும் பழச்சுவை சோடா இல்லை

"அமெரிக்காவில் விற்கும் ஹார்டு செல்ட்சர் (ஆல்கஹால் சேர்த்த சோடா பானம்) சும்மா பழச்சுவை சோடா மாதிரிதான், பீர் அளவுக்குப் போதை ஏறாது" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. தவறு.

அங்கே பிரபலமான ஒயிட் கிளா என்ற ஹார்டு செல்ட்சர் கேனைப் பாருங்கள்: 355 மி.லி., ஆல்கஹால் 5 சதவீதம். பட்வைசர் பீரிலும் அதே 5 சதவீதம்தான். கணக்குப் போட்டால் ஒரு கேனில் சுமார் 14 கிராம் சுத்த ஆல்கஹால். அந்நாட்டில் ‘ஒரு டிரிங்க்’ என்பதன் அளவே அதுதான். அதே பிராண்டின் ஒயிட் கிளா சர்ஜ் என்ற வகை இன்னும் மோசம், 8 சதவீதம்! அதன் 473 மி.லி. கேன் ஒன்றைக் காலி செய்தால் இரண்டு டிரிங்க் உள்ளே போய்விடும். மாம்பழ வாசனையில் காட்டம் தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சரி, ‘சாதாரண ஒயிட் கிளா கேனில் 100 கலோரிதானே’ என்கிறார்களே? ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி வீதம் பார்த்தால், அந்த 100-ம் கிட்டத்தட்ட முழுக்க ஆல்கஹாலில் இருந்தே வருகிறது.