அந்தக் காளை ரெம்பிராண்ட் வரைந்ததல்ல

“ரெம்பிராண்ட் ஒரே காளையை எதிரே நிறுத்தி அப்படியே வரைந்தது” என்று ‘இளம் காளை’ (The Young Bull) ஓவியத்தின் படம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. ரெம்பிராண்ட் புகழ்பெற்ற டச்சு ஓவியர். ஆனால் வரைந்தவரும் தவறு, வரைந்த விதமும் தவறு.

வரைந்தவர் பவுலஸ் பாட்டர் (Paulus Potter) என்ற இன்னொரு டச்சு ஓவியர். ஓவியத்திலேயே அவர் கையெழுத்தும் 1647 என்ற ஆண்டும் உள்ளன. அப்போது அவருக்கு 21 அல்லது 22 வயதுதான்! பல மாடுகளைப் பார்த்துத் தனித்தனியாக வரைந்து வைத்தவற்றைச் சேர்த்து உருவாக்கிய காளை இது. முதலில் காளை மட்டும்தான் திட்டம். அப்புறம் பக்கங்களிலும் மேலேயும் ஓவியத் துணியை இணைத்துப் பெரிதாக்கி, பசு, ஆடுகள், மேய்ப்பர் என்று சேர்த்தார். 3 மீட்டருக்கும் மேல் அகலம். காளையின் முதுகருகே பறக்கும் ஈக்களைப் பார்த்தால் நிஜ ஈக்கள் என்று யாருமே ஏமாறுவார்கள், அது வேறு விஷயம்.

ஓவியம் இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரில், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில். அதன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.