பக்கத்து வீட்டு மரத்தை நாமே வெட்டலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: பக்கத்து வீட்டுத் தென்னை நம் பக்கம் சாய்ந்தால், யாரையும் கேட்காமல் வெட்டிவிடலாமாம். இது தவறு.

வேலி தாண்டி நீளும் கிளையை நம் எல்லை வரை கழிக்கலாம். அடுத்தவர் மண்ணில் நிற்கும் மரத்தைச் சாய்க்க உரிமை கிடையாது. சரி, விழுந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். மழைக்காலத்தில் ஓட்டு வீட்டில் படுப்பவர்களுக்கு அது தெரியும். அதற்கு வழி இருக்கிறது. 1994-ம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், பிரிவு 238-ன்படி, ஆபத்தான மரத்தைக் கழிக்கவோ வெட்டவோ சொல்லி மரத்துக்காரருக்குப் பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுக்கலாம். செயலாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தப் பிரிவையும் அங்கேயே கேட்டுச் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.